விளக்கு காட்டும் கோடு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டெய்ட்டன் நகரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் சில ஆண்டுகள் வாழ்ந்தேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்போது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் 1966ஆம் ஆண்டின் செவ்ரோலே கார் ஒன்று இருந்தது. 327 கன அங்குலக் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின். இளமையில் அதை அவர் புதிதாக வாங்கியிருந்தார். மனைவி மறைந்த பிறகு வாரம் ஒரு நாள் அதைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, கல்லறை வரை ஓட்டிச் சென்று திரும்புவார். அதற்கு மேல் அந்தக் காருக்கு வேலை இல்லை.

ஒரு கோடையில் அந்தப் பயணமே தடைபட்டது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியது. சிறு மேட்டில்கூடத் திணறியது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்தார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினார். எதுவும் பலிக்கவில்லை. தீப்பொறியின் நேரத்தைப் பார்க்கும் டைமிங் லைட் என்ற விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கையேடு சொல்லும் இடத்தில்தான் கோடு நின்றது. ஆகவே குறை அங்கே இல்லை என்று முடிவு கட்டினார். இன்றைய பெட்ரோல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டார். காரை விற்றுவிடலாமா என்று என்னிடம் கேட்டார். கேட்ட குரலில் காரைப் பற்றிய கேள்வி மட்டும் இருக்கவில்லை.

முன்பெல்லாம் அவர் விளக்கை நம்பி இருந்தவரல்லர். காதால் கேட்டே நேரத்தைச் சரிசெய்யக்கூடியவர். இப்போது காது மந்தமாகிவிட்டிருந்தது. கேட்கும் கருவி அணிந்தால் எஞ்சினின் ஓசை முழுவதும் ஒரே இரைச்சலாகச் சேர்ந்துவிடுகிறது என்றார். காது கைவிட்ட பின் கண்ணுக்குத் துணையாக இருந்தது அந்த விளக்கு ஒன்றே. அதையும் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்த விளக்கு எங்கிருந்து வந்தது, எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதாக நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம் என்பதை அந்தக் கோடையில்தான் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

*

பெட்ரோல் எஞ்சினின் உயிர்நாடி தீப்பொறி. அது பிறக்க வேண்டிய கணம் எது என்பதே முதற்கேள்வி. பிஸ்டன் உச்சியை அடைந்ததும் பற்றவைத்தால் போதும் என்று தோன்றலாம். ஆனால் எரிபொருள் கலவை வெடித்துச் சிதறுவதில்லை. தீ அதனூடே பரவுகிறது. முழுவதும் எரிந்து அழுத்தம் உச்சத்தை எட்ட ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மில்லிவினாடி பிடிக்கும். நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும் எஞ்சின் ஒரு மில்லிவினாடியில் 3.6 பாகை திரும்பும். 3000 சுற்றில் அதே மில்லிவினாடியில் 18 பாகை திரும்பிவிடும். ஆகவே வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே பிறப்பிக்க வேண்டும். பழைய எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் சும்மா ஓடும்போது உச்சிக்குச் சில பாகை முன்னும், விரைந்து ஓடும்போது 35 பாகையை ஒட்டியும் பொறி பிறக்கும்.

நேரம் மிகவும் முந்தினால் ஏறிவரும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளும். கலவையின் மிச்சம் தானாகவே பற்றிக்கொண்டு சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். நீடித்தால் பிஸ்டன் உடையும். நேரம் பிந்தினால் ஓசை எதுவும் இராது. தீயின் ஆற்றல் பிஸ்டனைத் தள்ளாமல் புகைக்குழாய் வழியே வெப்பமாகப் போகும். எஞ்சின் சூடேறும், வலுவிழக்கும். முந்துவதைக் காது கண்டுபிடித்துவிடும். பிந்துவது அமைதியாக நடக்கும். பெரியவரின் காரில் நடந்தது இந்த இரண்டாவது.

*

இந்தக் கணத்தைக் கைக்குள் கொண்டுவர மனிதர் பட்ட பாடு பெரிது. 1860இல் பாரிஸில் லெனுவார் தம் வாயு எஞ்சினை மின்பொறியால் பற்றவைத்தார். 1876இல் ஓட்டோவின் நான்கு வீச்சு எஞ்சின் ஒரு சிறு சுடரைத் திறந்து மூடும் வழியை நாடியது. டைம்லரும் மைபாகும் சிவக்கக் காய்ச்சிய சிறு குழாயைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குழாய்க்கு நேரம் என்ற ஒன்றே கிடையாது. கலவை அழுத்தப்படும்போது தானாகப் பற்றும், அவ்வளவுதான். 1886இல் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் வண்டி மின்கலமும் சுருளும் கொண்டு ஓடியது. 1897இல் ராபர்ட் போஷின் பட்டறை மேக்னெட்டோவை ஒரு மூன்று சக்கர வண்டியில் பொருத்திக் காட்டியது. 1902இல் அங்கே பணியாற்றிய கோட்லோப் ஹோனல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவை ஸ்பார்க் பிளக்குடன் இணைத்தார். பொறி இப்போது விரும்பிய கணத்தில் பிறக்கத் தயாராயிற்று. கணத்தைத் தேர்வது மட்டும் ஓட்டுநரின் பொறுப்பாகவே இருந்தது.

1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங் சக்கரத்தின் கீழே இரு பக்கமும் இரண்டு நெம்புகள் இருக்கும். வலப்புறம் எரிபொருளுக்கு, இடப்புறம் பொறியின் நேரத்துக்கு. வண்டியைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பும் முன் இடப்புற நெம்பைப் பின்தள்ளி வைக்க வேண்டும். மறந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைத்துக் கைப்பிடியைத் திருப்பி அடிக்கும். அக்காலத்தில் அப்படி முறிந்த மணிக்கட்டுகள் பல. சில பாகைப் பிழை எலும்பில் தெரிந்த காலம் அது. ஓட ஆரம்பித்த பின் ஓட்டுநர் எஞ்சினின் ஓசையைக் கேட்டபடி நெம்பை ஏற்றி இறக்கிக்கொள்வார். எஞ்சினின் நேரம் அப்போது ஓட்டுநரின் செவியில் இருந்தது.

அதை அங்கிருந்து எடுத்து இயந்திரத்துக்குள் வைத்த மாற்றத்தில் டெய்ட்டன் நகரத்துக்கு முக்கியப் பங்குண்டு. அங்கே எட்வர்ட் டீட்ஸ் வீட்டின் பின்புறக் களஞ்சியத்தில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் நண்பர்களுடன் வேலை செய்தார். 1909இல் அவர்கள் தொடங்கிய நிறுவனமே டெல்கோ. மின்கலம், சுருள், திறந்து மூடும் ஒரு சிறு முனை, பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் என்று அமைந்த கெட்டரிங்கின் ஏற்பாடு 1910ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் இடம்பெற்றது. 1912இல் அவருடைய மின்சார ஸ்டார்ட்டரும் வந்து கைப்பிடிக்கு விடை கொடுத்தது. எடைக்கற்கள் சுழன்று விரிந்து நேரத்தை முன்தள்ளும் பொறியமைப்பும், எஞ்சினின் உறிஞ்சலால் இயங்கும் வேக்குவம் அட்வான்ஸும் பின்னர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் குடியேறின. ஓட்டுநரின் நெம்பு மறைந்தது. தொடக்க நேரத்தை மட்டும் ஒருவர் ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் போதும், மற்றதைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

அந்த ஒருமுறையைச் சரியாக வைப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் விளக்கு வந்தது.

*

விளக்கின் வேர் காரைவிடப் பழையது. சுழல்வதை நின்றதாகக் காட்டும் வித்தை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர்களை ஈர்த்த புதிர்களில் ஒன்று. மைக்கேல் ஃபாரடே ஈய ஆலை ஒன்றுக்குச் சென்றிருந்தபோது விரைந்து சுழலும் இரு பற்சக்கரங்களை ஒன்றன் ஊடாக ஒன்று பார்க்கையில் பற்கள் அசையாது நிற்பதுபோல் தோன்றக் கண்டார். அது பற்றி 1831இல் எழுதினார். அதையடுத்து 1832இல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோவும் ஏறக்குறைய அதே சமயத்தில் வியன்னாவின் சைமன் ஸ்டாம்ஃபரும் பிளவுகள் வெட்டிய தட்டின் வழியே பார்க்கும் கருவிகளைச் செய்தார்கள். சுழற்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஸ்டாம்ஃபர் வைத்த பெயரே ஸ்ட்ரோபோஸ்கோப் என்று நிலைத்தது. பிளாட்டோ 1843 அளவில் பார்வையை முற்றிலும் இழந்தார். 1829இல் ஓர் ஆய்வுக்காகச் சூரியனை நேராக உற்று நோக்கியதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிற்கால மருத்துவர்கள் வேறொரு கண்நோயே காரணம் என்று கருதினார்கள். பார்வை போன பிறகும் அவர் உறவினரின் கண்களைத் துணைகொண்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

பிளவு வழியே பார்ப்பதற்குப் பதிலாக ஒளியையே துண்டு துண்டாக வீசினாலும் அதே விளைவு கிடைக்கும். அப்படி வீசக்கூடிய விளக்குக்கு ஏற்ற வாயுக்கள் இரண்டு, நியானும் ஸெனானும். இரண்டையும் 1898ஆம் ஆண்டின் சில மாத இடைவெளியில் லண்டனில் கண்டறிந்தவர்கள் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும். இந்த டிராவர்ஸ்தான் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநராக வந்தார் என்பது நம்மவர் பலரும் மறந்துவிட்ட செய்தி. நியான் குழாயை ஜார்ஜ் கிளாட் 1910 டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஒளிரவிட்டுக் காட்டினார். கார்களின் நடுவில்தான் அந்த ஒளி உலகுக்கு அறிமுகமாயிற்று.

பட்டறைகளுக்கு முதலில் வந்தவை நியான் விளக்குகளே. முதல் சிலிண்டருக்குப் போகும் வயரின் இடையில் விளக்கை இணைத்துவிட்டால் அந்த சிலிண்டரில் பொறி பிறக்கும் ஒவ்வொரு முறையும் செந்நிறமாய் மின்னும். ஒளி மங்கலானது. ஆகவே சக்கரத்தின் கோட்டில் வெள்ளைச் சாக்கட்டியால் தீட்டி, நிழலிலோ இருட்டிலோ வைத்துப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்ட் எட்கர்டன் என்ற ஆய்வு மாணவர் மின்மோட்டார்களின் சுழற்சியைக் கவனிக்க 1931இல் பளிச்சிடும் ஸ்ட்ரோபோஸ்கோப்பை உருவாக்கினார். பால்துளி தெறித்துக் கிரீடமாய் விரிவதையும் ஆப்பிளைத் துளைத்துச் செல்லும் துப்பாக்கிக் குண்டையும் படம்பிடித்தவர் இவரே. மின்தேக்கியில் சேர்த்து வைத்த ஆற்றலைக் குழாய் வழியே கணநேரத்தில் விடும் அந்த வழியில் வந்தவை பிற்கால ஸெனான் டைமிங் லைட்டுகள். பகல் வெளிச்சத்திலும் கோடு தெளிவாகத் தெரிந்தது. வயரை வெட்டி இணைக்கத் தேவையின்றி, அதன் மேல் கவ்வி நின்று மின்னோட்டத்தை உணரும் பிடியும் வந்தது.

*

இனி, அந்த விளக்கு எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். முதல் சிலிண்டரின் வயரில் மின்னோட்டம் பாயும்போது அது மின்னுகிறது. அந்தக் கணத்தில், கிராங்க்ஷாஃப்டின் முன்முனையில் பொருத்திய சக்கரத்தில் உள்ள கோடு, எஞ்சின் முகப்பில் உள்ள அளவுத் தகட்டின் எந்த எண்ணுக்கு எதிரே இருக்கிறது என்று நாம் பார்க்கிறோம். பிஸ்டனை விளக்கு பார்ப்பதில்லை. பிஸ்டனுக்காகச் சாட்சி சொல்வது கோடு; கோட்டுக்காகச் சாட்சி சொல்வது தகடு. இந்த வரிசையில் யார் பிறழ்ந்தாலும் விளக்கின் மேல் பழி விழும், அல்லது விளக்கை நம்பியவர் தலையில் விழும்.

விளக்கிலிருந்தே தொடங்கலாம். பிடியில் பெரும்பாலும் ஓர் அம்புக்குறி இருக்கும். அது ஸ்பார்க் பிளக்கை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாய் மாட்டினால் சில விளக்குகள் தவறான கணத்தில் மின்னும், அல்லது விட்டுவிட்டு மின்னும். அண்டை வயர்கள் நெருங்கி ஓடினால் அவற்றின் துடிப்பையும் பிடி உணரக்கூடும். செவ்ரோலேயின் இந்த எஞ்சின் குடும்பத்தில் பொறி பிறக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5ஆம் 7ஆம் சிலிண்டர்கள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பவை. பொறியும் அடுத்தடுத்தே பெறுபவை. அவற்றின் வயர்களை ஒட்டிப் போடலாகாது என்று மெக்கானிக்குகள் சொல்வதற்குக் காரணம் இந்தத் தூண்டல்தான்.

எது முதல் சிலிண்டர் என்பதிலேயே பிழை நேர்வதுண்டு. செவ்ரோலேயில் அது ஓட்டுநர் அமரும் இடப்பக்கத்தின் முன்னது. ஃபோர்டின் எட்டு சிலிண்டர் எஞ்சினில் வலப்பக்கத்தின் முன்னது. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தவறும். இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. செவ்ரோலேயில் 6ஆம் சிலிண்டரின் வயரில் மாட்டினாலும் கோடு ஏறக்குறைய அதே இடத்தில் தெரியும். 1உம் 6உம் கிராங்க்ஷாஃப்டின் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் பொறி பெறுபவை என்பதே காரணம். ஆகவே கோடு தெரிவதே சரியான சிலிண்டரில் மாட்டியதற்குச் சான்றாகிவிடாது.

விளக்கின் பின்புறம் எண் வட்டம் கொண்ட வகை ஒன்றுண்டு. அதைத் திருப்பினால் மின்னல் சற்றுத் தாமதமாகும். கோட்டைச் சுழிக்குக் கொண்டுவந்து வட்டத்தில் எண்ணைப் படித்துக்கொள்ளலாம். அந்தத் தாமதத்தை விளக்கு கணக்கிடுவது, இதற்கு முன் வந்த பொறிகளின் இடைவெளியைக் கொண்டு. ஒரு சுழற்சிக்கு ஒரு பொறி என்ற நம்பிக்கையில் அமைந்த கணக்கு அது. ஒரே வீச்சில் பல பொறிகளை வீசும் பிற்கால எரியூட்டுப் பெட்டிகளை மாட்டிய காரில் அந்தக் கணக்கு குழம்பும். எண் வட்டம் இல்லாத எளிய விளக்கே அங்கு நம்பத்தக்கது. மின்னணுச் சுற்றில் நேரும் சிறு தாமதமும் ஒரு காரணமாகலாம். அது 0.1 மில்லிவினாடி என்று கொண்டால், 600 சுற்றில் 0.36 பாகை, பொருட்படுத்த வேண்டாம். 3000 சுற்றில் 1.8 பாகை, பொருட்படுத்த வேண்டும்.

அடுத்தது எஞ்சினின் நிலை. தொடக்க நேரத்தைப் பார்க்கும்போது, கையேடு வேறாகச் சொன்னாலன்றி, வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைக்க வேண்டும். சும்மா ஓடும் வேகம் அதிகமாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எடைக்கற்கள் விரியத் தொடங்கியிருக்கும்; தொடக்க நேரத்தோடு அந்த முன்தள்ளலும் சேர்ந்து தெரியும். திறந்து மூடும் முனையின் இடைவெளியை முதலில் சரிசெய்து, நேரத்தைப் பிறகே பார்க்க வேண்டும். இடைவெளி கூடினால் முனை முன்கூட்டியே திறக்கும், பொறி முந்தும். முனை மூடியிருக்கும் கோணத்தில் ஒரு பாகை மாறினால் நேரத்திலும் ஏறக்குறைய ஒரு பாகை மாறிவிடும். வரிசை மாறினால் முதல் வேலையை இரண்டாம் வேலை அழித்துவிடும்.

கோடு ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினால் அது வேறு கதை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருக்கலாம். டைமிங் செயின் தொய்ந்திருக்கலாம். இரைச்சலைக் குறைப்பதற்காக அக்கால அமெரிக்க எஞ்சின்கள் பலவற்றில் நைலான் பற்கள் கொண்ட சக்கரத்தை வைத்தார்கள். ஆண்டுகள் போக நைலான் இறுகி உதிரும், செயின் ஆடும். துள்ளும் கோட்டைக் குறைசொல்லி விளக்கை மாற்றுவதில் பயனில்லை. விளக்கு உள்ளதைத்தான் சொல்கிறது.

பார்க்கும் கண்ணும் பிழை செய்யும். ஏழு அங்குல விட்டமுள்ள சக்கரத்தின் விளிம்பில் ஒரு பாகை என்பது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கோட்டுக்கும் தகட்டுக்கும் இடையே சற்று வெளி இருக்கும். நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் இரண்டு பாகை எளிதில் மாறித் தெரியும். எதிரே விசிறி சுழல்வதால் நேராகக் குனிந்து பார்க்க யாருக்கும் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கம் நியாயமானதே. சில வேகங்களில் இதே விளக்கொளியில் விசிறியும் நின்றதுபோல் தோன்றக்கூடும். நின்றதென்று நினைத்துக் கை நீட்டினால் விரல் போய்விடும்.

*

இவை எல்லாம் சரியாக இருந்தும் பெரியவரின் கார் சூடேறியது. மீதமிருந்தது கோடு மட்டும்.

கிராங்க்ஷாஃப்ட் ஒரே சீராகச் சுழல்வதில்லை. ஒவ்வொரு எரிதலும் அதைச் சற்றே முறுக்கி விடுவிக்கிறது. இந்த முறுக்கதிர்வு நீண்ட தண்டுகளை ஒடித்துவந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் போன்றவர்கள் தண்டின் முனையில் அதிர்வை அடக்கும் சக்கரத்தைப் பொருத்தினார்கள். ஹார்மோனிக் பேலன்ஸர் என்று பின்னாளில் பெயர் பெற்ற சக்கரத்தில் இரண்டு பாகங்கள் உண்டு. நடுவே தண்டோடு பிணைந்த குடம். அதைச் சுற்றிக் கனத்த வெளிவளையம். இரண்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை. நேரத்தைக் குறிக்கும் கோடு வெளிவளையத்தில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. அது எளிதில் கண்ணுக்குத் தெரியும் இடம் என்பதால் அங்கே வெட்டினார்கள். சில பத்தாண்டுகளில் வெப்பமும் எண்ணெய்யும் ரப்பரைக் கெடுக்கும், பிடி தளரும், வளையம் குடத்தின் மேல் மெல்ல நழுவும். கோடும் அதனோடு நகரும். உடைந்த ஓசை இல்லை, ஆட்டம் இல்லை. விளக்கு வழக்கம்போல் மின்னும், கோடு வழக்கம்போல் நிற்கும். குறிக்கும் பிஸ்டனுக்கும் இருந்த உறவு மட்டும் போயிருக்கும்.

இதே மயக்கத்தை உதிரிபாகங்களும் உண்டாக்கும். செவ்ரோலேயின் இந்த எஞ்சின் குடும்பம் 1955இல் தொடங்கிப் பல்லாண்டு நீடித்தது. சக்கரங்களின் விட்டம் பலவகை. அளவுத் தகடுகளும் பலவகை. 1969ஐ ஒட்டிக் கோடு வெட்டும் இடத்தையே சுமார் 8 பாகை மாற்றிவிட்டார்கள். அதற்கேற்பத் தகடும் இடம் மாறியது. முந்தைய தகட்டோடு பிந்தைய சக்கரம் சேர்ந்தால் இரண்டும் பழுதற்ற பாகங்களாக இருந்தே பொய் சொல்லும். கைமாறிக் கைமாறிப் பழுது பார்க்கப்பட்ட எஞ்சினில் இது அரிதன்று.

ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி, பிஸ்டனையே கேட்பது. ஆனால் உச்சியில் பிஸ்டன் எளிதில் பதில் சொல்லாது. 327 எஞ்சினின் வீச்சு 3.25 அங்குலம். கிராங்க் உச்சியிலிருந்து 5 பாகை திரும்பியும் பிஸ்டன் கீழிறங்குவது சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். துளை வழியே கம்பியை விட்டுத் தடவிப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. எனவே உச்சியைத் தேடுவதை விட்டுவிட்டு அதன் இரு புறத்தையும் தேடுகிறார்கள். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தடைக்கம்பியைத் திருகுகிறார்கள். எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால் உச்சிக்கு முன்பே பிஸ்டன் கம்பியில் முட்டி நிற்கும். தகட்டின் சுழிக்கு எதிரே சக்கரத்தில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு எதிர்த்திசையில் திருப்பினால் மறுபுறம் முட்டும். அங்கும் ஒரு கோடு. இரண்டுக்கும் சரியான நடுவே உண்மையான உச்சி. முட்டும் இடங்களில் பிஸ்டன் விரைவாக நகர்வதால் அங்கே அளவு துல்லியமாகக் கிடைக்கிறது. கம்பியை மறக்காமல் கழற்றிய பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் நாங்கள் இதைச் செய்தோம். கீழே படுத்துத் திருப்பும் வேலை என்னுடையது. கோடு போடும் வேலையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நடுவை அளந்து குறித்தபோது பழைய கோட்டுக்கும் புதிய குறிக்கும் இடையே ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் இருந்தது. அதாவது 9 பாகை. சுழற்சிக்கு எதிர்ப்புறமாக வளையம் பின்தங்கி நழுவியிருந்தது. விளக்கு உச்சிக்கு முன் 6 பாகை என்று காட்டியபோதெல்லாம் பொறி உண்மையில் உச்சியைக் கடந்து 3 பாகையில் பிறந்துகொண்டிருந்தது. ரேடியேட்டரும் கார்புரேட்டரும் பெட்ரோலும் குற்றமற்றவை.

*

பெட்ரோலின் மேல் பழி போடுவதும் பெட்ரோலுக்காகப் பிறர் பழி சுமப்பதும் அந்த ஊரில் பழைய வழக்கம்தான். கெட்டரிங்கின் எரியூட்டல் பரவியபோது எஞ்சினில் எழுந்த நாக்கிங்குக்கு அதையே காரணமாகக் காட்டினார்கள். தம் கருவியின் மேல் விழுந்த பழியை ஆராயக் கெட்டரிங், தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரை 1916இல் நியமித்தார். குறை பொறியில் இல்லை, எரிபொருளின் இயல்பில் இருக்கிறது என்று ஆய்வு காட்டியது. அதன் தொடர்ச்சியாக 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் நாக்கிங்கை அடக்குவதைக் கண்டார்கள். 1923 பிப்ரவரியில் டெய்ட்டனிலேயே ஈயம் கலந்த பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஒரு பழியைத் துடைக்கப் புறப்பட்ட ஆய்வு பல தலைமுறைகளின் மூச்சில் ஈயத்தைக் கலந்தது. அமெரிக்கச் சாலைகளில் அதன் விற்பனை 1996இல் முடிவுக்கு வந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

இதனால் கையேட்டின் எண்ணையும் அதன் காலத்தோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது. 1966இல் அச்சான எண் அன்றைய பெட்ரோலுக்கும் புத்தம் புதிய எஞ்சினுக்கும் உரியது. விளக்கும் கோடும் சரியாக இருந்தாலும் அந்த எண்ணில் தொடங்கி, ஓட்டிப் பார்த்து, ஓரிரு பாகை கூட்டிக் குறைத்துத்தான் முடிக்க வேண்டும்.

1970களில் மின்னணு எரியூட்டல் திறந்து மூடும் முனையை நீக்கியது. பின்னர் டிஸ்ட்ரிபியூட்டரும் போயிற்று. இன்றைய எஞ்சினில் கிராங்க்ஷாஃப்டின் நிலையை உணரி படித்துக் கணினிக்குச் சொல்கிறது. நாக்கிங் எழுந்தால் கேட்கவும் ஒரு மின்செவி இருக்கிறது. மாடல் டி ஓட்டுநரின் காது செய்த வேலையை அது செய்கிறது. டைமிங் லைட் பழைய கார்களை வைத்திருப்பவர்களின் பெட்டிகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பெரியவர் புதிய பேலன்ஸரை வாங்கிப் பொருத்தினார். பொருத்தும் முன் குடத்திலிருந்து ரப்பரைக் கடந்து வெளிவளையம் வரை வெள்ளை வண்ணத்தால் ஒரே கோடாக இழுத்தார். வளையம் என்றாவது நழுவினால் அந்தக் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். பிறகு விளக்கைப் பிடித்து நேரத்தை வைத்தார். விளக்கை அணைத்ததும் அவர் செய்த காரியம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதின் பின் எலும்பில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் கண்மூடி நின்றார். அப்படி வைத்தால் தமக்கு இன்னும் கேட்கிறது என்றார்.

அடுத்த ஞாயிறு கார் வழக்கமான பாதையில் போயிற்று. திரும்பி வந்தபோது வெப்பக் காட்டியின் முள் நடுவில் நின்றிருந்தது. அதைக் காட்டுவதற்காக என்னைக் கூப்பிட்டு முன்னிருக்கையில் உட்கார வைத்தார். விற்பதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.